செவ்வாய்க்கிழமை ஆறு மணிச் செய்தி

அம்மன் துணை
குடியாத்தம்
7.8.2024

அன்புள்ள வித்யாவுக்கு, உன் மங்களம் அக்கா ஆசியோடு எழுதுவது. இங்கே மாமாவும் இவரும் நானும் சுகமாக இருக்கிறோம். நீ சரியாகச் சாப்பிடுகிறாயா, பெங்களூர்க் குளிர் ஒத்துக்கொண்டதா என்று முதலில் எழுது. மற்றதெல்லாம் அப்புறம்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று உன் அறைத்தோழி சோனியா சிரித்தாளாமே. என் போனில் காதில் வைத்துக் கேட்கிற இடம் கெட்டு ஒரு வருஷம் ஆகிறது. ஸ்பீக்கர் மட்டும்தான் வேலை செய்கிறது. நீ அங்கே தும்மினால் இங்கே கூடத்தில் மாமா, “என்ன, ஜலதோஷமா?” என்கிறார். ஓரகத்திகள் இரண்டு பேர் மனசுவிட்டுப் பேச இனி தபால்தான் வழி. ஆறாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிறேன். பிழை இருந்தால் நீயே திருத்திப் படித்துக்கொள்.

உன்னைப் படிக்க அனுப்பும்போது மாமா சொன்னது உனக்கு மறந்திருக்காது. “ஒரு பேப்பர் போச்சுன்னாலும் பெட்டியக் கட்டிக்கிட்டு வந்துடணும்.” மாமனார் சொன்னால் சொன்னதுதான். உன் வீட்டுக்காரர் சிவசங்கரன் தம்பி மஸ்கட்டிலிருந்து எவ்வளவோ பேசியும் அதை மாற்ற முடியவில்லை. அதனால் அன்றைக்கே நான் வேண்டிக்கொண்டேன். நான் பிறந்து வளர்ந்த பெங்களூர் ஒக்கலிபுரத்தில் முத்துமாரி கோவில் இருக்கிறது. அங்கே பதினோரு செவ்வாய், மூன்றிலிருந்து நாலரைக்குள் ராகு காலத்தில், உன் கையால் எலுமிச்சை விளக்கு ஏற்றுவாய் என்று அம்மனிடம் சொல்லிவிட்டேன். வருகிற செவ்வாய் ஆடிக் கடைசி. அன்றே தொடங்கிவிடு. பெங்களூரில் எந்த மூலையில் இருந்தாலும் அரை மணியில் ஒக்கலிபுரம் வந்துவிடலாம். பாவாடை கட்டின வயதில் நான் சுற்றாத தெருவா?

கணக்கு நோட்டில் பால் பக்கத்துக்கும் கேஸ் பக்கத்துக்கும் அடுத்து உனக்கென்று ஒரு பக்கம் எடுத்துப் பதினோரு கட்டம் போட்டிருக்கிறேன்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
மங்களம்


பெங்களூரு
14.8.2024

அன்புள்ள அக்காவுக்கு, வித்யாவின் வணக்கம். நான் நலம். மாமாவுக்கு முட்டி வலி எப்படி இருக்கிறது? எண்ணெய் தேய்க்கிறாரா, இல்லை தேய்த்ததாகச் சொல்கிறாரா?

முதல் கட்டத்தை நிரப்பிக்கொள்ளுங்கள். நேற்று விளக்கு ஏற்றிவிட்டேன். எங்கள் பல்கலைக்கழகம் பொம்மசந்திரா தாண்டி இருக்கிறது. பஸ் பிடித்து மெஜஸ்டிக் போய், அங்கிருந்து நடந்தேன். கோவில் வாசலில் பூ விற்கிற முத்தம்மா எலுமிச்சையை எப்படிப் பிழிந்து திருப்பிக் குழியாக்குவது என்று காட்டிக்கொடுத்தார். எனக்கு முதல் இரண்டும் கிழிந்துவிட்டன. “ஏம்மா, உங்க வீட்ல விளக்கே ஏத்த மாட்டீங்களா?” என்று கேட்டார். எங்கள் வீட்டில் அதெல்லாம் அக்கா பார்த்துக்கொள்வார் என்றேன்.

இங்கே எல்லாம் புதிதாக இருக்கிறது. எம்.எஸ்ஸி உளவியலில் முப்பத்தெட்டு பேர். கல்யாணமானவள் நான் ஒருத்திதான். கழுத்தில் அடையாள அட்டை இல்லாமல் கேட்டுக்குள் விடமாட்டார்கள். ஒவ்வொரு வகுப்புக்கும் வருகைக் கணக்கு உண்டு. ஒரு பாடத்துக்கு நூற்றுக்கு எண்பத்தைந்து வர வேண்டும். எழுபத்தைந்துக்குக் கீழே போனால் அந்தப் பாடத்தில் பரீட்சை எழுத முடியாது. பாதுகாவலர் என்ற இடத்தில் உங்கள் நம்பரைத்தான் கொடுத்திருக்கிறேன். மாமா நம்பரைக் கொடுக்கப் பயம். ஸ்டாட்டிஸ்டிக்ஸ்தான் கொஞ்சம் மிரட்டுகிறது. கம்ப்யூட்டரில் போடுகிற செய்முறை வகுப்பு வேறு இருக்கிறது.

அன்புடன்,
வித்யா


அம்மன் துணை
குடியாத்தம்
29.8.2024

அன்புள்ள வித்யாவுக்கு, அக்கா எழுதுவது. அனைவரும் சௌக்கியம். உன் குரல் கேட்டு நாலு நாள் ஆகிறது. இளைத்துவிட்டாயா என்று குரலில் தெரிவதில்லை, அதுதான் கவலை.

மூன்று கட்டம் நிரம்பிவிட்டது. ஒரு சந்தோஷமான விஷயம் சொல்ல வேண்டும். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு நான் விளக்கேற்றும்போது என் போனில் டிங் என்று ஒரு செய்தி வருகிறது. எல்லாம் இங்கிலீஷ். மருந்துச் சீட்டு, ரேஷன் அட்டை பார்த்துப் பார்த்து எழுத்து மட்டும் கற்றவள் நான். அதில் உன் பெயர் முழுதாக இருப்பதை விரல் வைத்துக் கண்டுபிடித்துவிட்டேன். 13, 20, 27, மூன்று செவ்வாயும் வந்தது. காலேஜிலிருந்து உன்னைப் பாராட்டி எழுதுகிறார்கள் போல. நீ அங்கே ஏற்றின விளக்குக்கு இங்கே ரசீது வருகிற மாதிரி எனக்குத் தோன்றியது. ஒன்றையும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். என்ன எழுதியிருக்கிறது என்று நீ சொல்லு.

மங்களம்


பெங்களூரு
5.9.2024

அன்புள்ள அக்காவுக்கு, வணக்கம். நலம். நீங்கள் கொடுத்தனுப்பிய பருப்புப்பொடியால்தான் நலம். சோனியா அதைச் சாதத்தில் போடாமல் சப்பாத்தியில் தூவிச் சாப்பிடுகிறாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

நாலாவது விளக்கும் ஆயிற்று. ஓசூர் ரோடில் மெட்ரோ பாலம் முழுக்கக் கட்டி நிற்கிறது. ரயில்தான் இன்னும் ஓடவில்லை. அந்தத் தூண்களை எண்ணிக்கொண்டே போவேன். பஸ்ஸில் உள்ளூர்ப் பெண்களுக்கு டிக்கெட் இலவசம். என் ஆதார் தமிழ்நாடு என்பதால் கண்டக்டர் ஒவ்வொரு தடவையும் வருத்தத்தோடு கிழித்துக் கொடுக்கிறார். முத்தம்மா எனக்கென்று நல்ல பழமாக இரண்டு எடுத்து வைத்துவிடுகிறார். இப்போது ஒன்றும் கிழிவதில்லை.

ஸ்டாட்டிஸ்டிக்ஸ் செய்முறைக்கு சோனியா நோட்டைப் பார்த்து எழுதிக்கொள்கிறேன். அவள் கையெழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கிறது.

வருகிற செவ்வாய் போக முடியாது. விலக்கு நாள். அன்றைக்கு எந்தக் கட்டத்தையும் நிரப்ப வேண்டாம். ஒரு வாரம் தள்ளி முடிப்பேன். போனில் செய்திகளைச் சேர்த்துவைக்காதீர்கள் அக்கா. இடம் அடைத்துக்கொள்ளும்.

அன்புடன்,
வித்யா


அம்மன் துணை
குடியாத்தம்
19.9.2024

அன்புள்ள வித்யாவுக்கு, இங்கே மழை. மற்றபடி சுகம்.

நான் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் மெட்ரோ தூண் கதை சொல்கிறாயே. நான் அழிக்கவில்லை. இதைக் கேள். 10-ஆம் தேதி நீ கோவிலுக்குப் போகவில்லை இல்லையா, அன்று செய்தி வரவில்லை. ஆறு மணி தாண்டி ஏழு வரை போனைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முந்தாநாள் 17-ஆம் தேதி நீ போனாய், டிங் என்று வந்துவிட்டது. நான் போடுகிற கணக்கை அம்மனும் தனியாகப் போடுகிறாள் என்று எனக்குச் சிலிர்த்துவிட்டது.

மாமாவிடம் காட்டினேன். அவருக்கும் இங்கிலீஷ் வராது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உன் பெயரை மட்டும் தடவிப் பார்த்தார். இப்போது டீக்கடையில் போய், “எங்க சின்ன மருமகளுக்கு வாராவாரம் காலேஜ்லேர்ந்து சர்டிபிகேட் வருது” என்று சொல்கிறாராம். இவர் வந்து சொல்லிச் சிரித்தார். உன்னை அனுப்ப மாட்டேன் என்று நின்ற மனுஷன். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பரீட்சை எப்போது என்று எழுது.

மங்களம்


பெங்களூரு
27.9.2024

அன்புள்ள அக்காவுக்கு, வணக்கம். உடம்புக்கு ஒன்றும் இல்லை.

ஆறு விளக்கு முடிந்தது. இன்னும் ஐந்து. பரீட்சை நவம்பர் கடைசியில். துறைத் தலைவர் ரக்ஷிதா மேடம் நேற்றுக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்டார். பதில் சொல்லத் தெரியாமல் வந்துவிட்டேன். பெரிய விஷயம் இல்லை.

மாமாவிடம் சர்டிபிகேட் என்று சொல்ல வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அக்கா, ஒரு வேண்டுதலை நடுவில் நிறுத்தினால் என்ன ஆகும்? சும்மாதான் கேட்கிறேன்.

வித்யா


அம்மன் துணை
குடியாத்தம்
3.10.2024

வித்யா கண்ணு,

நீ சும்மா கேட்கிறவள் இல்லை. உன் கடிதம் வந்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. செவ்வாய்க்கிழமை ஏழாவது செய்தியும் வந்தது. நேற்றுப் போனை எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனேன். அங்கே இருக்கிற பெண் படித்துச் சொன்னாள். அன்புள்ள பெற்றோருக்கு, உங்கள் வித்யாலட்சுமி இன்று ஸ்டாட்டிஸ்டிக்ஸ் செய்முறை வகுப்புக்கு இரண்டு மணி நேரம் வரவில்லை. ஏழையும் படிக்கச் சொன்னேன். தேதி மட்டும் வேறு. “எல்லாம் செவ்வாய்க்கிழமையாவே இருக்கே, எங்கக்கா போவுது உங்க பொண்ணு?” என்று கேட்டாள். கோவிலுக்கு என்றேன். அவள் நம்பாமல் சிரித்தாள்.

உன் பரீட்சைக்காக வேண்டிக்கொண்டு உன் பரீட்சைக்கே குழி வெட்டியிருக்கிறேன். அந்தச் செய்தியைப் பாராட்டு என்று நினைத்து வாராவாரம் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். உடனே போனில் உன்னைக் கூப்பிடப் பார்த்தேன். மாமா கூடத்தில் உட்கார்ந்திருந்தார், வைத்துவிட்டேன்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் நீ. அக்கா, அந்த நேரத்தில் வகுப்பு என்று ஒரே ஒரு வரி. வேறு நேரம் கேட்டு அம்மனிடம் நான் பேசியிருக்க மாட்டேனா?

இதைப் படித்த நிமிஷத்திலிருந்து செவ்வாய் மதியம் நீ வகுப்பில் இருக்க வேண்டும். மீதி நாலு விளக்கை நான் ஏற்றுகிறேன். வேண்டினவள் நான், வாக்குக் கொடுத்தவளும் நான். காலை ரயிலில் வந்து சாயங்கால ரயிலில் திரும்பிவிடுவேன். என்னைப் பார்க்கிறேன் என்று ஸ்டேஷன் பக்கம் வந்தாயானால் நான் பேசமாட்டேன். எத்தனை மணி நேரம் போயிற்று, எத்தனை மீதி, ஒன்று விடாமல் எனக்குக் கணக்கு அனுப்பு.

அக்கா


பெங்களூரு
7.10.2024

அக்கா,

சனிக்கிழமை உங்கள் கடிதம் வந்தது. இது உங்கள் கைக்கு வருவதற்குள் நீங்கள் ஒரு தடவை வந்து திரும்பியிருப்பீர்கள். வண்டியில் ஜன்னல் ஓரம் கிடைத்ததா?

கணக்கு இது. ஸ்டாட்டிஸ்டிக்ஸ் மொத்தம் எண்பது மணி நேரம். ஏழு வாரத்தில் பதினான்கு போய்விட்டது. இனி ஒன்றும் விடாமல் இருந்தால் நூற்றுக்கு எண்பத்திரண்டரை நிற்கும். எழுபத்தைந்துக்கு மேல் என்பதால் துறைத் தலைவர் மன்னிக்கலாம். அதற்குப் பாதுகாவலர் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட்ட கடிதம் வேண்டும். பதினோரு வாரமும் நான் போயிருந்தால் எழுபத்திரண்டரை. அவ்வளவுதான், பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

ஜுரம் என்று மருத்துவச் சான்று வாங்கிவிடலாம், இரண்டு நாளில் கிடைக்கும் என்று சோனியா சொன்னாள். பொய் ஜுரத்தை எழுதிக் கொடுத்துவிட்டு அதே கையால் எப்படி விளக்கு ஏற்றுவது? அதனால்தான் மேடத்திடம் பதில் சொல்லாமல் நின்றேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். ஜூன் மாதம் மாமா முடியாது என்றபோது நீங்கள் கரண்டியும் கையுமாகச் சமையலறை வாசலில் வந்து நின்றீர்கள். அதுவரை மாமா எதிரில் நீங்கள் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. “அவ போவட்டும் மாமா. அவ வேலையும் நானே பாக்கறேன்” என்றீர்கள். அப்படிச் சொன்னவர் எனக்காக ஒன்றே ஒன்று கேட்டிருக்கிறார், அதை முடியாது என்று எழுத எனக்குக் கை வரவில்லை. நான் உங்கள் அளவுக்குப் பக்தி உள்ளவள் இல்லை அக்கா. ஆனால் அந்தப் படியில் உட்கார்ந்து விளக்கைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நம் அடுப்படியில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

வித்யா


அம்மன் துணை
குடியாத்தம்
11.10.2024

உயர்திரு ரக்ஷிதா மேடம் அவர்களுக்கு, மங்களம் பணிவான வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் குடும்பமும் நலமாக இருக்க வேண்டும்.

நான் வித்யாலட்சுமியின் ஓரகத்தி. அவளுக்குப் பாதுகாவலர் என்று என் நம்பர்தான் இருக்கிறது. அவள் ஏழு செவ்வாய்க்கிழமை தங்கள் வகுப்புக்கு வராததற்குக் காரணம் நான். அவளுக்கு ஜுரம் இல்லை. ஊர் சுற்றவும் போகவில்லை. அவள் பரீட்சையில் தேற வேண்டும் என்று ஒக்கலிபுரம் முத்துமாரிக்கு நான் வேண்டிக்கொண்டேன். அந்த நேரத்தில் வகுப்பு உண்டா என்று கேட்காமலே வேண்டிக்கொண்டேன். என் மனம் நோகும் என்று அவள் சொல்லாமல் போய்வந்தாள். தாங்கள் ஒவ்வொரு முறையும் எனக்குத் தெரிவித்தீர்கள். எனக்குப் படிக்கத் தெரியாததால் பாராட்டு என்று நினைத்துப் பத்திரமாக வைத்திருந்தேன்.

தேதிகளைக் கீழே எழுதியிருக்கிறேன். ஆகஸ்ட் 13, 20, 27. செப்டம்பர் 3, 17, 24. அக்டோபர் 1. என் நோட்டிலும் தங்கள் கணக்கிலும் ஒன்றாகவே இருக்கும். இனி அவள் வராமல் இருக்கமாட்டாள். வேண்டுதலின் மீதியை நான் செய்கிறேன். தண்டனை உண்டு என்றால் அது எனக்குத்தான். ஆனால் தங்கள் பள்ளியில் எனக்குப் பேர் இல்லை. ஆகவே மன்னிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மங்களம்


பெங்களூரு
18.10.2024

அன்புள்ள அக்காவுக்கு, வணக்கம். நான் நன்றாக இருக்கிறேன். இந்தத் தடவை நிஜமாகவே.

ரக்ஷிதா மேடம் ஆனேக்கல்காரர். தமிழ் பேசுவார், படிக்க வராது. ஆபீஸில் இருக்கும் ஆஞ்சலாவைக் கூப்பிட்டு உங்கள் கடிதத்தை வாசிக்கச் சொன்னார். நான் நின்றுகொண்டிருந்தேன். நீங்கள் பாராட்டு என்று நினைத்ததாக எழுதிய இடத்தில் ஆஞ்சலா குரல் மாறிவிட்டது. மேடம் கம்ப்யூட்டரைத் திறந்து உங்கள் தேதிகளை ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தார். “ஜுரம்னு எழுதின லெட்டர் என் டிராயர்ல முப்பது இருக்கு. அதுல பாதி பேருக்கு எந்தத் தேதியில ஜுரம் வந்துச்சுன்னே தெரியாது” என்றார். பிறகு கையெழுத்துப் போட்டார். இனி ஒரு மணி நேரம் விட்டாலும் இந்தக் கையெழுத்து செல்லாது என்று கண்டிப்பாகச் சொன்னார். வெளியே வரும்போது கூப்பிட்டு, “உங்க அக்காகிட்ட சொல்லு. ராகு காலம் எங்க வீட்லயும் பாப்போம். ஆனா லேப் டைம்டேபிள் என் கையில இல்ல” என்றார்.

இரண்டு செவ்வாயாக நீங்கள் இந்த ஊரில் இருக்கிறீர்கள், நான் உங்களைப் பார்க்கவில்லை. நாலு மணிக்கு வகுப்பு முடிகிறது, ஐந்தரைக்கு உங்கள் ரயில். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன், முடியாது. வகுப்பில் மூன்று மணி ஆனதும் ஒரு நிமிஷம் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்கிறேன்.

மாமாவுக்கு என்ன சொன்னீர்கள்?

அன்புடன்,
வித்யா


அம்மன் துணை
ரயிலில்
29.10.2024

அன்புள்ள வித்யாவுக்கு, அக்கா எழுதுவது. வண்டி ஆடுகிறது, எழுத்தும் ஆடும். நாளைக்குத் தீபாவளிக்கு நீயே வந்துவிடுவாய். இருந்தாலும் எழுதுகிறேன். தபால்தலை ஒட்டப்போவதில்லை, கையில் கொடுப்பேன்.

பதினோராவது கட்டம் நிரம்பிவிட்டது. விளக்குக்கான எலுமிச்சையை மாமாவே பொறுக்கி எடுத்துக் கொடுத்தார். ஆமாம், அவரிடம் சொல்லிவிட்டேன். முதல் தடவை கிளம்பும்போதே சொன்னேன், செய்தியில் இருந்தது என்ன என்பது உள்பட. “டீக்கடையில சொல்லிட்டேனே” என்றார். அப்புறம், “பேப்பர் போயிருந்தாலும் தப்பு அவ மேல இல்ல” என்றார். அவரிடமிருந்து அவ்வளவு வந்ததே அதிகம். நான் இல்லாத செவ்வாய்களில் அவரும் இவரும் சேர்ந்து சமைக்கிறார்கள். கஞ்சியும் இல்லாமல் சோறும் இல்லாமல் ஒன்று.

உன்னிடம் ஒன்று ஒத்துக்கொள்ள வேண்டும். முதல் தடவை வந்தபோது பதினொரு மணிக்கே இறங்கிவிட்டேன். பேசமாட்டேன் என்று எழுதியவள்தான், தூரத்திலிருந்து உன் காலேஜ் கேட்டையாவது பார்த்துவிட்டு மூன்று மணிக்குக் கோவிலுக்கு வந்துவிடலாம் என்று நினைத்தேன். மெஜஸ்டிக்கில் கண்டக்டரிடம் கேட்டேன். “பொம்மசந்திரா போயி மூணு மணிக்கு ஒக்கலிபுரம் வரணுமா? நாளைக்கு மூணு மணின்னா சரி, ஏறுங்கம்மா” என்றார். பஸ் முழுக்கச் சிரித்தது. நான் இறங்கிவிட்டேன். அரை மணி என்று உனக்கு எழுதினேனே. போக வர ஐந்து மணி நேரம் நீ இடிபட்டிருக்கிறாய். அதை ஒரு கடிதத்திலும் எழுதவில்லை, தூண் எண்ணினேன் என்றுதான் எழுதினாய்.

முத்தம்மா இன்று விவரம் சொன்னாள். விளக்கை ஏற்றிவிட்டுப் படியில் உட்கார்ந்து சோனியா நோட்டைப் பார்த்து எழுதுவாயாம். ராகு காலம் முடிகிறவரை எழுந்திருக்க மாட்டாயாம். “அந்தப் பொண்ணு சாமி கும்பிட்டுச்சா, பாடம் படிச்சுச்சான்னு எனக்கே தெரியல” என்றாள். எனக்குத் தெரியும் என்றேன்.

வண்டி ஒயிட்ஃபீல்டு தாண்டும்போது மணி ஆறு. போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மணி அடித்தது. செய்தி இல்லை, மாமா கூப்பிடுகிறார். என் போனைப் பற்றித்தான் தெரியுமே, பெட்டி முழுக்கக் கேட்டது.

“வந்துச்சா?”

“வரலை மாமா.”

வைத்துவிடுவார் என்று நினைத்தேன்.

“இன்னும் அஞ்சு நிமிஷம் பாரு” என்றார்.

எதிர் ஸீட்டு அம்மாள், என்ன வரணும் என்று கேட்டாள். வரக்கூடாதும்மா என்றேன். அவளும் என்னோடு சேர்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம், பங்காருப்பேட்டை வரைக்கும் பார்த்தோம். வரவில்லை.

நாளைக்கு வரும்போது ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வா.

உன் அக்கா,
மங்களம்